உதடு வீங்கினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்



மருந்து விளக்கத் தாள்களை மலாயிலிருந்து தமிழாக்கும்போது ஒரு சொல்லில் நான் எப்போதும் தயங்குவேன்: வீக்கம். கால் வீங்கினாலும் அதே சொல். நாக்கு வீங்கினாலும் அதே சொல். இரண்டும் ஒன்றல்ல.

இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்கு மாலையில் கணுக்கால் வீங்கும். பெரும்பாலும் அவசரம் இல்லை. அடுத்த முறை கிளினிக்கில் சொன்னால் போதும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே காட்டுங்கள்.

உதடு, நாக்கு, முகம், தொண்டை வீங்குவது வேறு. பெரின்டோப்ரில், எனலாப்ரில், கேப்டோப்ரில் என்று ‘ப்ரில்’லில் முடியும் மாத்திரைகளால் இது வரலாம். நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். ஆனால் வந்தால் மூச்சுப் பாதையே அடைபடலாம். உடம்பில் பிராடிகினின் என்ற பொருள் கரையாமல் சேர்வதால் வரும் வீக்கம் இது. அதனால் அரிப்போ தடிப்போ பெரும்பாலும் இருக்காது. வீட்டிலுள்ள அலர்ஜி மாத்திரைக்கும் சரியாக அடங்காது.

“பத்து வருஷமா இதே மாத்திரைதானே?” என்பீர்கள். பல வருடம் கழித்தும் வரும். தேனீ கொட்டியதா, பனி ஒத்துக்கொள்ளவில்லையா என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். லெம்பா பெர்த்தாமிலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்கு ரிங்லெட் வழியாக வளைந்து வளைந்து ஏற வேண்டும். மழை இரவில் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் உதடோ நாக்கோ வீங்கத் தொடங்கியதுமே 999-ஐ அழையுங்கள். குரல் மாறும்வரை, எச்சில் விழுங்க முடியாமல் போகும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். படுக்காமல் உட்கார்ந்திருங்கள். எதுவும் குடிக்காதீர்கள். அந்த மாத்திரையை மறுபடி போடாதீர்கள். மாத்திரைப் பையைக் கையோடு கொண்டுபோங்கள்.

சிலருக்குத் தானாகவே வடிந்துவிடும். அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மறுமுறை பெரிதாக வரலாம். அவர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றுவார். மருந்தாளரிடம் ஒவ்வாமை அட்டை கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அதைக் காட்டுங்கள். ‘ப்ரில்’ மாத்திரை எதுவும் உங்களுக்கு இனி ஆகாது.

வீக்கமே வராதவர்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கொதிப்பு ஏறிப் பக்கவாதம் வந்தால் அதுவும் இதே மலைப்பாதைதான்.

இன்று வீட்டுக்குப் போனதும் மாத்திரைப் பையைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்து, பெயர் ‘ப்ரில்’ என்று முடிகிறதா என்று படிக்கச் சொல்லுங்கள்.