சுத்தியலும் தர்ப்பையும்: சித்திரக்கதையுள் புகுந்த தெய்வங்கள்

பாட்டிலிருந்து கூத்துக்கும், கூத்திலிருந்து அச்சிட்ட சித்திரக்கதைக்கும் ஒரு தெய்வம் இடம்பெயரும்பொழுது அதனுடன் செல்வது எது, வழியில் உதிர்ந்து போவது எது என்னும் வினா எழுகின்றது. படைக்கலம் தவறாமல் சென்று சேர்ந்துவிடுகின்றது. முதலில் உதிர்வது தெய்வத்தின் தளர்ச்சி. தளர்ச்சியை இழந்த தொன்மம் வலிமையைக் காட்டலாம், நெஞ்சில் நிலைப்பதில்லை. இக்கருத்துக்குத் தோர் என்னும் ஸ்காண்டிநேவியத் தெய்வத்தின் சித்திரக்கதை வரலாறு தக்கதொரு சான்றாகும்.

தோர் இடியின் தெய்வம்; ஓடினின் மகன். ஆங்கிலேயர் வியாழக்கிழமையை வழங்குவது அவன் பெயராலேயே. அவனது படைக்கலமாகிய மியோல்னிர் என்னும் சுத்தியலை இந்திரனின் வச்சிரத்தோடு ஒப்பியல் அறிஞர் ஒப்பிட்டு நோக்குவர். 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்நோர்ரி ஸ்டுர்லூசன் இயற்றிய எட்டா நூலில் அவன் கதைகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று கடற்கரை மக்களுக்கு மிக நெருங்கியது. ஹைமிர் என்னும் அரக்கனோடு தோர் படகேறிச் சென்று, காளையின் தலையை இரையாகக் கோத்துத் தூண்டில் வீசுகிறான். உலகைச் சூழ்ந்து கிடக்கும் கடற்பாம்பே அதில் சிக்குகின்றது. அச்சமுற்ற அரக்கன் தூண்டிற்கயிற்றை அறுத்துவிடப் பாம்பு தப்புகிறது. ஊழிப் போரில் அப்பாம்பை அவன் மீண்டும் சந்திக்கிறான், கொல்கிறான், ஒன்பது அடி நடந்து, அதன் நஞ்சினால் வீழ்ந்து மடிகிறான். தெய்வங்கள் இறக்கும் என்பதை மறையாது உரைத்த தொன்மம் இது.

1962 ஆகஸ்டு மாத இதழாக வெளிவந்த 'ஜர்னி இன்டு மிஸ்டரி' 83-ஆம் இதழில் ஸ்டான் லீ, லாரி லீபர், ஜாக் கிர்பி ஆகியோர் இத்தெய்வத்தைச் சாகச நாயகனாக்கினர். மனிதர் யாவரினும் வலியவனைப் படைப்பது எங்ஙனம் என்ற வினாவுக்கு, மனிதனல்லாத தெய்வத்தையே கொள்வது என விடை கண்டதாக லீ பின்னர்க் கூறியுள்ளார். செந்தாடி கொண்ட பழைய தோர், தாடியற்ற பொன்முடி இளைஞனானான். மாதந்தோறும் இதழ் வரவேண்டியிருந்தமையின் அவன் நிலையாக இறக்கவும் இயலாது போயிற்று.

ஆயினும் வலிமை மட்டும் கதையாகாது என்பதை அப்படைப்பாளர் உணர்ந்திருந்தனர். ஆகவே, மூலத்தில் இல்லாத ஒரு தளர்ச்சியைப் புதிதாகப் படைத்தனர். நார்வேயின் குகையொன்றில் ஊன்றுகோல் ஒன்றைக் கண்டெடுக்கும் கால் ஊனமுற்ற மருத்துவர் டொனால்டு பிளேக்கே தோராக மாறுகிறார். தகுதியுடையோரே சுத்தியலை ஏந்த இயலும் என்னும் விதியும் எட்டாவில் காணப்படாத புதுமையே. 2014-இல் தொடங்கிய வரிசையில் ஜேசன் ஆரன் இதனை மேலும் ஆழப்படுத்தினார். அதில் சுத்தியலை ஏந்துபவள் புற்றுநோயால் நலிந்த ஜேன் பாஸ்டர். அவள் தெய்வ உருக்கொள்ளுந்தோறும் அவளது உடலில் ஏறிய மருந்து அகன்றுவிடுகின்றது. நோயோ எஞ்சி நிற்கின்றது. வலிமையின் விலை உயிர் என்னும் இடத்தில், ஒன்பது அடி நடந்து வீழ்ந்த பழைய தோரின் நிழல் மீண்டும் விழுகின்றது. 2019-இல் தமிழ்க் குரலிலும் வெளிவந்த அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் திரைப்படத்தில், துயரத்தால் குடியில் மூழ்கி உடல் பருத்த தோரின் கைக்கும் சுத்தியல் வந்து சேர்கின்றது. அக்காட்சி நெஞ்சைத் தொடுவதும் இக்காரணத்தாலேயே.

தமிழ் வாசகரின் சுவையும் இதற்கு மாறானதன்று. 1972-இல் சிவகாசியிலிருந்து எழுந்த முத்து காமிக்ஸ் முதல் இதழிலேயே அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி, 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் தோன்றியவன். விபத்தில் கையிழந்தவன், மின்சாரம் தாக்கினால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. மறைக்கவியலாத அக்குறையே அவனைத் தமிழ்ச் சிறுவர்க்கு உறவினனாக்கிற்று.

இதே காலப்பகுதியில், 1967-இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை இந்நாட்டுத் தெய்வங்களைச் சித்திரக்கதையுள் கொணர்ந்தது. மரபின் கதைகளைச் சிறுவர் கையில் சேர்த்த பெருந்தொண்டு அது. ஆனால், வழிபாடு பெரிதும் ஒழிந்துபோன ஸ்காண்டிநேவியத் தெய்வத்தை விரும்பியவாறு மாற்றலாம். இன்றும் பூசை பெறும் தெய்வத்தைத் தளர்ச்சியோடு காட்டல் ஒண்ணுமோ என்று வினவுவோர் உளர். அதற்கு விடை தொலைவில் இல்லை. உச்சிப்புளியிலிருந்து மேற்கே இராமநாதபுரம் சென்று, தெற்கே திரும்பித் திருப்புல்லாணியை அடைந்தால் போதும்.

அங்கே இராமன் வில்லேந்தி நிற்கவில்லை; தர்ப்பைப் புல்லின்மேல் கிடக்கிறான். இலங்கைக்கு வழிவேண்டிக் கடலரசனை இரந்து மூன்று நாள் கிடந்தான் என்பது வரலாறு. தெய்வம் கெஞ்சிய இடமே திருமங்கையாழ்வார் பாடிய திருப்பதியாயிற்று. வருணனை நெய்தல் நிலத் தெய்வமாகத் தொல்காப்பியம் குறிக்கின்றது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை அறிந்த இக்கரை மக்களுக்கு, கடலின்முன் தெய்வமும் ஏன் பணிந்தது என்பதை எவரும் விளக்க வேண்டுவதில்லை. பணிந்த கோலத்தையே கருவறையில் வைத்துத் தொழும் மரபுக்குத் தெய்வத்தின் தளர்ச்சி இழுக்காகாது.

பத்தாண்டு நிறைவு காணும் வட்டத்தின் கவிஞர்கள் எண்ணற்குரியது இதுவே. இராமனைப் பாட வருவோர் பலரும் சினந்து வில்லெடுத்த நொடியையே நாடுவர். புல்லின்மேல் கழிந்த மூன்று இரவுகளில் அவன் கேட்டது அலையோசையை மட்டுமே. தொடுவானுக்கு அப்பால் சிறையிருந்தாள் சீதை. விடை தராத கடலை நோக்கிக் கிடந்தவனின் நெஞ்சில் அவ்விரவுகளில் என்ன ஓடியிருக்கும்? வில்லை எவரும் வரைந்துவிடலாம். அந்த மூன்று இரவுகளைப் பாடும் கவிஞனை இக்கரை இன்னும் எதிர்நோக்கியிருக்கின்றது.