காற்றேறி வரும் நோயும் முன்னறிவிப்பின் சொல்லும்



பயிர் நோய்களுள் சில மண்ணில் தங்குவன. சில விதையோடு வருவன. சில பூச்சிகளால் பரவுவன. இன்று நாம் எடுத்துக்கொண்டது காற்றேறி வரும் நோய். பூஞ்சையின் வித்து கண்ணுக்குப் புலனாகாத அளவு நுண்ணியது. (பள்ளி நூல்களில் இதற்கு வேறு பெயர்களும் வழங்குகின்றன, இவ்வுரையில் வித்து என்றே கொள்வோம்.) நோயுற்ற இலையிலிருந்து எழும் வித்துகள் அடுத்த வயலையும் அடையும், அரிதாகக் கடலையும் கடக்கும். அவை எப்போது, எங்கே இறங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலுமா? உழவர் நம்பிச் செயற்படும் வகையில் சொல்ல இயலுமா? இவற்றுள் பின்னதே கடினம் என்பது நம் கருத்து.

இவ்வாராய்ச்சியின் தொடக்கக் காலம் தமிழர் வரலாற்றோடும் பிணைந்தது. 1869-இல் இலங்கை மலையகக் காப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் பொடி காணப்பட்டது. அதுவே இலைத்துரு நோய். அங்கு உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழர். 1880-இல் நோயை ஆராயச் சென்ற மார்ஷல் வார்டு என்னும் இளம் தாவரவியலாளர், கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்தார். காற்றில் மிதந்து வந்த வித்துகள் அவற்றில் ஒட்டின. இலைமேல் நீர் நின்றாலன்றி அவை முளைப்பதில்லை என்பதையும் அவர் கண்டார். காரணம் விளங்கியது, காப்பி பிழைக்கவில்லை. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. காப்பிப் பருவத்திற்கு வந்து ஊர் திரும்பியோர் பலர், ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலையோடு அங்கேயே குடியமர்ந்தனர்.

காற்று கொணர்கிறது, ஈரம் முளைக்க வைக்கிறது: இன்றைய முன்னறிவிப்புகளும் இவ்விரு செய்திகளின் மேல்தான் நிற்கின்றன. பிரிட்டனில் உருளைக்கிழங்கின் கருகல் நோய்க்கு 1956-இல் வகுக்கப்பட்ட விதி ஈரத்தைக் கணக்கிட்டது. தொடர்ந்து இரு நாள்கள் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் குறையாமலும், ஒவ்வொரு நாளும் குறைந்தது 11 மணி நேரம் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டிற்குக் குறையாமலும் இருப்பின் எச்சரிக்கை விடுக்கப்படும். 2017-இல் அந்த 11 மணி நேரம் 6 ஆகக் குறைக்கப்பட்டது. ஆயினும் வித்து எத்திசையிலிருந்து வருகிறது என்று அவ்விதி கேட்பதில்லை.

அதனைக் கேட்க வேண்டிய நிலை கோதுமையில் நேர்ந்தது. 1998-இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட தண்டுத்துருவின் புதிய இனம், நோயெதிர்ப்பு உடையவை எனக் கருதப்பட்ட பல கோதுமை வகைகளையும் தாக்கியது. சிறு உழவர்கள் மிகுந்த எத்தியோப்பியாவில், அந்நாட்டு ஆய்வாளர்களோடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரிட்டன் வானிலை அலுவலகமும் இணைந்து ஒரு முன்னெச்சரிக்கை முறையை உருவாக்கின. அதில் பயன்படும் கணினி மாதிரி, 1986-ஆம் ஆண்டுச் செர்னோபில் விபத்திற்குப் பின் கதிரியக்கத் துகள்களின் வழியை அறிய அமைக்கப்பட்டது. துகளாயினும் வித்தாயினும் காற்றுக்கு ஒன்றே. வித்து உயிருள்ளது என்பது மட்டும் வேறுபாடு: வெயிலின் புறஊதாக் கதிர் அதனைக் கொல்லும், மழை அதனைக் காற்றிலிருந்து கழுவி இறக்கும். இவற்றையும் கணக்கிற் கொண்டு, வித்துகள் செல்லக்கூடிய இடங்களையும் அங்கே இலை நனைந்திருக்குமா என்பதையும் ஏறத்தாழ ஒரு வாரம் முன்னரே மதிப்பிடுகின்றனர்.

இத்தனைக்கும் அடித்தளம் ஒரு மனிதரின் கண். வயலுக்குள் நடந்து, துருவைக் கண்டு, இடத்தைக் குறித்துச் செய்தி அனுப்புபவர் இல்லையேல் கணினிக்குத் தொடக்கப்புள்ளியே இல்லை. எவரும் செல்லாத வயலின் நோய் கணக்கில் வாராது. இப்பணி செய்வோரைப் பற்றி நாளேடுகள் எழுதுவது குறைவு.

இனி மொழிக்கு வருவோம். அத்தகைய எச்சரிக்கையை நாம் தமிழில் எழுதுவதாகக் கொள்வோம். 'துரு வரும்' என்று எழுதி, அது வாராவிடில், மருந்துக்குக் கடன்பட்ட உழவர் அடுத்த அறிவிப்பைப் படிக்கவும் மாட்டார். 'துரு வரலாம்' என்பது எல்லா நாளுக்கும் பொருந்தும். ஆதலால் எந்த நாளுக்கும் உதவாது. காலந்தாழ்த்தித் தெளித்த மருந்தோ பயிரைக் காவாது. வாய்ப்பின் அளவைக் காட்ட 'கூடும்', 'வாய்ப்பு மிகுதி' என்னும் வழக்குகள் நம்மிடம் உள்ளன; அவற்றைக் காரணத்தோடு சேர்த்து எழுதுவதே தக்கது. 'உங்கள் வட்டாரத்திற்குத் தெற்கே துரு காணப்பட்டுள்ளது. காற்று இப்பக்கம் வீசுகிறது. அடுத்த மூன்று இரவுகளும் பனி இறங்கக்கூடும். நாளைக் காலை தண்டைப் பாருங்கள்.' இவ்வாறு எழுதினால், படிப்பவர் தம் வயலோடு ஒப்பிட்டுத் தாமே முடிவெடுக்க இயலும்.

இப்பயிற்சி நமக்கு அயலானதன்று. தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் பிரேசிலில் ஹென்றி ஃபோர்டின் ரப்பர்த் தோட்டங்களை அழித்தது. அதன் வித்துகளும் காற்றில் பரவுவன. இளந்தளிரில் ஈரம் நின்றால் முளைப்பன. அந்நோய் மலேசிய ரப்பர்த் தோட்டங்களை இன்னும் எட்டவில்லை. எட்டினால் தோட்டத்து மக்களுக்கு விடுக்க வேண்டிய முதல் அறிவிப்பை மாணவர்கள் நான்கு வரிகளில் எழுதிப் பார்க்கலாம். 'கூடும்' என்னும் சொல்லை எவ்வரியில் வைப்பது என்பதிலேயே வகுப்பில் நெடுநேரம் விவாதம் நிகழும்.