துண்டுத் தாள்கள்



பழைய நாணயத்தாள் சேர்ப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்பார்கள். ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு அந்தப் பழக்கம் அப்பாயியின் சுருக்குப்பையிலிருந்து வந்தது. அவர் கண்மூடிய பின் அதை அவிழ்த்தோம். பாக்குத் துணுக்குகளுக்கிடையே பாதித் தாளொன்று இருந்தது. இரண்டு சதம்.

யுத்த காலம். உலோகத் தட்டுப்பாட்டால் சில்லறைக்குப் பஞ்சம். 1942இல் இலங்கை அரசாங்கம் ஐந்து சதத்துக்கே தாள் அச்சிட்டது. நடுவில், தபால் முத்திரைகளுக்கிடையே இருப்பது போன்ற துளை வரிசை. கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம், மறுபாதி மூன்று சதம். மூன்று சதத்துக்கு அப்பாயி வெற்றிலை வாங்கியிருப்பார். மிச்சம் எனக்கு வந்து சேர்ந்தது.

கொழும்பில் ஒரு வியாபாரியிடம் காட்டினேன். “முழுத்தாள் என்றால் நல்ல விலை தரலாம், மாஸ்டர். இது கிழிந்ததல்லவா?” என்றார். கிழிப்பதற்கென்றே அச்சிட்ட தாளுக்கு இப்படியும் ஒரு குறை!

அவர் தேடிக்கொண்டிருந்தது ஓரியண்டல் வங்கியின் தாள். கோப்பிக் காலத்தில் தோட்டத் துரைமாருக்குக் கடன் கொடுத்த வங்கி அது. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தது. 1884 மே மாதம் வங்கியும் முறிந்தது. தாள் வைத்திருந்தோர் பதறினர். தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு அரசாங்கத்தின் சொந்தத் தாள் வெளிவந்தது. பழைய தாளைக் கொடுத்துப் பணம் பெற முடிந்தபோது அதை யார் பெட்டியில் பூட்டி வைப்பார்கள்? அதனால்தான் இன்று அது அரிய பொருள்.

நேயர்களே, அந்த வங்கித்தாள் எங்கள் முன்னோர் கைகளில் அதிகம் புழங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அவர்களின் வாழ்வைத் தீர்மானித்த தாள் வேறு. அதன் பெயர் துண்டு. கங்காணியும் அவன் ஆட்களும் தோட்டத்துக்குப் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவான். அங்குள்ள துரை கடனைக் கட்டினால் முழுக் கூட்டமும் இடம் மாறும். கடனும் கூடவே போகும். கங்காணி எத்தனை பேருக்காக, எவ்வளவு வாங்கினான் என்பது தலையில் கூடை சுமந்தவளுக்குத் தெரியாது. ஆங்கிலேய அதிகாரிகளும் தங்கள் அறிக்கைகளில் ‘துண்டு’ என்ற நம் சொல்லையே எழுதினார்கள். 1921இல்தான் சட்டம் அந்த முறையை ஒழித்தது.

“ஒன் பூட்டன துண்டுலதான்யா இந்தத் தோட்டத்துக்குக் கொண்டாந்தாங்க” என்று அப்பாயி சொல்வார். துண்டு என்றால் தோளில் போடுவது என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன்.

என் ஏட்டில் அந்தப் பாதித் தாளுக்கு எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஓரியண்டல் வங்கித் தாளுக்காக அல்ல, ஒரு துண்டுக்காக அதை ஒதுக்கியிருக்கிறேன். வங்கித்தாளைத் தேட ஆட்கள் இருக்கிறார்கள். துண்டை யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியின் அடியில் மங்கிய கையெழுத்துச் சீட்டு ஏதேனும் கிடந்தால், அடுப்பில் போடுமுன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உங்கள் பூட்டனுக்கு எழுதிய விலை அதில் இருக்கலாம்.