என்னோடு போகட்டும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தம் தாயாரின் நினைவாக ஒரு நிதியை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு முறை ஊரைக் கூட்டி, நல்லதைப் பேசச் செய்கிறார்கள் இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார். அன்பு, இரக்கம், மன்னிப்பு மூன்றையும் பற்றிப் பேச வேண்டும் என்று இவ்வாண்டு என்னைப் பணித்தார்கள். இவற்றை மூன்று தனிப் பண்புகளாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மூன்றுக்கும் வேர் ஒன்றே என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். அந்த வேரை நம் வீட்டுப் பெண்கள் தம் பேச்சிலேயே வைத்திருக்கிறார்கள்: “நான் பட்டது என்னோட போகட்டும்.”

இதற்கு நேர் எதிரான பேச்சும் நம் ஊரில் உண்டு: “நாங்க படாததையா நீ பட்டுட்ட?” மாமியார் மருமகளிடம் சொல்வார். விடுதியில் மூத்த மாணவர், புதிதாக வந்த பையனிடம் சொல்வார். அலுவலகத்தில் இருபது ஆண்டு குனிந்து நின்றவர், நாற்காலி கிடைத்ததும் அடுத்தவரைக் குனிய வைப்பார். பட்டவர் பிறரையும் படுத்துகிறார். வலி இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது.

யாரோ ஒருவர் நின்று, “இது என்னோடு போகட்டும்” என்று முடிவெடுக்கும்போதுதான் அந்தத் தொடர் அறுகிறது. அறுந்த இடத்தில் நம் வீட்டாருக்கு அந்த வலி சேராமல் நின்றால் அதை அன்பு என்கிறோம். முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவி பிறந்தால் இரக்கம் என்கிறோம். வலியைத் தந்தவருக்கே அதைத் திருப்பித் தராமல் நிறுத்திவிட்டால் மன்னிப்பு என்கிறோம். மதுரை மண்ணில் இதற்குச் சான்றுகள் பல உண்டு. சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

1. பாதையோரத்துக் கற்கள்

பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலையில் கூடையோ மூட்டையோ சுமந்து சந்தைக்கு நடந்தவர்களுக்காக எழுந்தவை அவை. பாரத்தைத் தரையில் இறக்கினால் மறுபடி தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். ஆள் இல்லாத பாதையில் யாரைக் கூப்பிடுவது? அதனால் சுமப்பவர் தாமாகவே இறக்கி, தாமாகவே ஏற்றிக்கொள்ளத் தோதான உயரத்தில் அந்தக் கல்லை வைத்தார்கள்.

அதை யாருக்காக எழுப்பினார்கள் என்பதுதான் நெஞ்சைத் தொடுவது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாகவே பெரும்பாலும் இந்தக் கற்களை நட்டார்கள். பாரத்தை இறக்காமலே போனவள் அவள். அவள் பெயரால் ஊரார் பாரம் இறங்கட்டும் என்று அந்த வீட்டார் நினைத்தார்கள். மகளையும் பேரப்பிள்ளையையும் ஒரே நாளில் பறிகொடுத்த ஒரு தகப்பனுக்கு உலகத்தின் மேல் எவ்வளவு கோபம் வந்திருக்கும்! அந்தக் கோபத்தோடு அவர் உட்கார்ந்துவிடவில்லை. வழியில் போகும் மோர்க்காரியின் கழுத்து நோகுமே என்று கவலைப்பட்டார். அவள் எந்த ஊர், எந்தச் சாதி என்று அந்தக் கல் கேட்டதில்லை.

2. கூலவாணிகர் சொன்ன கதை

மணிமேகலையைப் பாடிய சீத்தலைச் சாத்தனார், மதுரைக் கூலவாணிகர். தானியம் அளந்து விற்றவர். பசியை அவரைவிட யார் அறிந்திருக்க முடியும்? அவர் படைத்த ஆபுத்திரன் கதையை நினைத்துப் பாருங்கள்.

பிறந்த உடனேயே தாய் அவனை விட்டுப் போகிறாள். ஒரு பசு பால் சுரந்து காக்கிறது. ஓர் அந்தணர் எடுத்து வளர்க்கிறார். வேள்விக்காகக் கட்டியிருந்த பசுவை அவன் இரவோடு இரவாக அவிழ்த்துவிட, ஊரார் அடிக்கிறார்கள். பிறப்பைச் சொல்லி இழிக்கிறார்கள். வளர்த்தவரும் கைவிடுகிறார். பிச்சைக்குப் போனால் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள். அங்கிருந்து அவன் வந்து சேர்ந்த ஊர் தென்மதுரை. சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்குகிறான்.

இத்தனை அடி வாங்கியவன் மனிதரை வெறுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவனோ மதுரை வீதிகளில் இரந்து வந்த சோற்றைக் கண் தெரியாதவருக்கும், காது கேளாதவருக்கும், நடக்க முடியாதவருக்கும், ஆதரவற்றவருக்கும் முதலில் ஊட்டுகிறான். மிஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான். கல் விழுந்த பாத்திரம் அது. அதைக் கொண்டு அவன் திருப்பி அடிக்கவில்லை, சோறு போட்டான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தெய்வம் அவனுக்குத் தந்தது அதற்குப் பிறகுதான். பின்னாளில் ஆளில்லாத தீவில் தனியே சிக்கியபோது, தன் ஒரு வயிற்றுக்காக மட்டும் அந்தப் பாத்திரம் சுரக்க வேண்டாம் என்று பட்டினி கிடந்து உயிர் விடுகிறான். மதுரைக்காரர் ஒருவர் நமக்கு விட்டுப்போன அளவுகோல் இது.

3. மடங்கிய விரல்கள்

கதையில் மட்டும் நடப்பதா இது என்று மாணவர்கள் கேட்கலாம். மதுரை அண்ணா நகரில் உள்ள கண் மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள்.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் வடமலாபுரம் என்னும் கரிசல் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய சொந்தத்தில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் இறந்தார்கள். பேறுகால மருத்துவராகி இப்படிப்பட்ட சாவுகளைத் தடுக்க வேண்டும் என்று உறுதி கொண்டார். மருத்துவம் படித்து முடித்தார், ராணுவத்தில் பணியாற்றினார். அப்போது கடுமையான முடக்குவாதம் வந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. கைவிரல்கள் நிரந்தரமாகக் கோணி மடங்கின. பிரசவம் பார்க்கும் கனவு அதோடு முடிந்தது.

அவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். மடங்கிய விரல்களால் கத்தி பிடிக்கப் பழகினார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். மதுரை மருத்துவக் கல்லூரியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர், 1976இல் உடன்பிறந்தவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அது உலகமே வந்து பார்க்கும் நிறுவனமாக வளர்ந்தது. 2006இல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பணி தொடர்கிறது.

அவருடைய இரக்கத்தில் இருந்த நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். முகாமில் கண்ணைப் பார்த்து, அறுவை சிகிச்சை இலவசம் என்று சொல்லியும் பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. விசாரித்தால், பஸ்ஸுக்குக் காசில்லை. வந்தால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, துணைக்கு வருபவரின் கூலி போய்விடுமே என்ற கவலை. ஆகவே வண்டி, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் சேர்ந்ததே சிகிச்சை என்று ஆக்கினார்கள். பணம் கொடுப்பவரிடமிருந்து வரும் வருவாயில், கொடுக்க இயலாதவருக்கும் பார்வை கிடைத்தது. இருவருக்கும் ஒரே மருத்துவர்கள்தாம். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து யானை விலையில் வந்த காலத்தில், 1992இல் ஆரோலேப் என்ற அமைப்பைத் தொடங்கி மதுரையிலேயே குறைந்த செலவில் செய்துகாட்டினார்கள்.

“பாவம்” என்று உச்சுக்கொட்டுவதோடு இரக்கம் நின்றுவிட்டால் ஒருவருக்கும் பார்வை வராது. எதிரில் இருப்பவரின் பஸ் கட்டணம் வரைக்கும் எண்ணிப் பார்ப்பதுதான் இரக்கம்.

4. வாங்குபவர் தலை நிமிர

மதுரையை அடுத்த யானைமலைக்கு அருகே கொடிக்குளம் கிராமம். வங்கியில் பணிபுரிந்த ஆயி பூரணம் அம்மாள், மறைந்த தம் மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அவ்வூர் அரசு நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர எழுதிக் கொடுத்தார். பல கோடி ரூபாய் பெறும் நிலம். 2024 குடியரசு நாள் விழாவில் தமிழக அரசு அவருக்குச் சிறப்பு விருது வழங்கியது. பெற்ற பிள்ளையை இழந்த தாய்க்கு அடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஓடியாடுவதைப் பார்ப்பதே வேதனையாக இருந்திருக்கலாம். அவர் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க இடம் தந்தார். சுமைதாங்கி நட்ட அதே மரபில் வந்த கை அது.

அண்ணா பேருந்து நிலையத்துக்கு அருகே 2020 வரை ஒரு பெரியவர் பத்து ரூபாய்க்குச் சாப்பாடு போட்டார். மருத்துவமனைக்கு வந்தவர்களும், ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு காத்திருந்தவர்களும், கூலிக்காரர்களும் அங்கே வயிறாரச் சாப்பிட்டார்கள். இல்லாதவரிடம் அந்தப் பத்து ரூபாயையும் அவர் கேட்டதில்லை. ஆனாலும் அந்தப் பத்து ரூபாய்க்கு ஒரு பொருள் உண்டு. அதைக் கொடுத்தவர் பிச்சை எடுத்தவர் ஆகவில்லை. “இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்கய்யா” என்று உரிமையோடு கேட்கும் வாடிக்கையாளராக உட்கார்ந்தார். கொடுப்பவர் உயர்ந்தும் வாங்குபவர் தாழ்ந்தும் போகும் இடத்தில் ஈகை முழுமை அடைவதில்லை.

5. தமுக்கத்தில் ஒரு துணி

இனி மன்னிப்புக்கு வருவோம். கடினமானது இதுதான்.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தியடிகள், ஏழைக்கு இல்லாத ஆடை எனக்கும் வேண்டாம் என்று அரையாடைக்கு மாறினார். அதே மதுரையில், ராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனையில், 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் கொல்லப்பட்டபோது அவர் உடலில் இருந்த, ரத்தம் தோய்ந்த துணியை அங்கே வைத்திருக்கிறார்கள். எத்தனையோ முறை பள்ளிப் பிள்ளைகளாக அதன் முன்னால் வரிசையில் நின்றிருப்போம்.

அதன் முன் நிற்கும்போது இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கொலையாளிக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்தபோது, அந்த உயிரைப் பறிக்க வேண்டாம் என்று வேண்டியவர்களில் காந்தியின் மகன்கள் மணிலாலும் ராமதாசும் இருந்தார்கள். அரசு அதை ஏற்கவில்லை. 1949 நவம்பர் 15 அன்று தூக்கு நிறைவேறியது. ஆனால் தகப்பனைக் கொன்றவனுக்காக மகன்கள் கேட்டார்கள். குற்றம் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. நடந்த சாவு இன்னொரு சாவைப் பெற வேண்டாம் என்றார்கள். என்னோடு போகட்டும் என்பதன் உச்சம் அது.

6. மன்னிப்பின் எல்லை

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மன்னிப்பு என்பது, அடிபட்டவரைப் பார்த்து அடுத்தவர் போடும் உத்தரவு அல்ல. தவறு செய்தவர் தவறை உணராமல், வழியை விடாமல் நிற்கும்போது, “நீதான் பெருந்தன்மையாகப் போகணும்” என்று எளியவரிடம் சொல்வது அநீதிக்கே துணை போகும்.

1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் அ. வைத்தியநாதய்யர், கோயிலுக்குள் அதுவரை அனுமதிக்கப்படாத சமூகங்களைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்ட தோழர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அதே ஆண்டில் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. காலம் காலமாக வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் பக்கத்திலிருந்துதான் முதல் அடி வர வேண்டும் என்று அய்யர் உணர்ந்திருந்தார். தம் சாதியாரின் எதிர்ப்பையும் தாங்கினார். தவறு செய்த தரப்பு கதவைத் திறப்பதே மன்னிப்பின் தொடக்கம். திறந்த கதவில் பழிவாங்கும் எண்ணமின்றி உள்ளே வந்தார்களே, அவர்களுடையதே பெரிய மனம். பிற்காலத்தில் கக்கன் அமைச்சராகி, அந்த அதிகாரத்தை யார் மேலும் வஞ்சம் தீர்க்கப் பயன்படுத்தாமல், எளிமையாகவே வாழ்ந்து மறைந்தார்.

மன்னிப்பைத் தள்ளிப்போடவும் கூடாது. கிராமத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்லதுக்குக் கூப்பிட்டால் போகணும். கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும். வரப்புத் தகராறில் ஆண்டுக்கணக்காகப் பேச்சு இல்லாத பங்காளி, சாவு வீட்டுக்குத் தானாக வருவார். பாடைக்குத் தோள் கொடுப்பார். அன்று மாலையே இரண்டு வீட்டுக்கும் இடையில் சோறு போய் வரும். அருமையான வழக்கம்தான். ஆனால் எனக்கு அதில் ஓர் ஆற்றாமையும் உண்டு. இறந்தவர் காதில் விழாத சமாதானம் அது. உயிரோடு இருக்கும்போதே வாசல்படி ஏறிப் போனால் என்ன?

7. நம் கையில் உள்ளவை

அமுதசுரபி நமக்குக் கிடைக்காது. மருத்துவமனை கட்டவும் எல்லோராலும் முடியாது. ஆயினும் வலி கைமாறும் இடங்கள் நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்றன.

மாணவர்களே, நீங்கள் விடுதியில் முதலாண்டு பட்ட அவமானம் உங்களோடு போகட்டும். அடுத்து வரும் பையனுக்குப் பேருந்து எண்ணையும் நல்ல மெஸ்ஸையும் சொல்லிக்கொடுங்கள். மாமியார்களே, நீங்கள் அழுத அடுப்படியில் மருமகள் அழாமல் இருக்கட்டும். அரசு அலுவலகத்தில் இருப்பவர்களே, மேலிடத்தில் வாங்கிய திட்டை மனுவோடு வந்த கிழவி மேல் இறக்காதீர்கள். அவரை உட்காரச் சொல்லி, எந்தத் தாளில் எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று காட்டுங்கள். தவறு செய்தவர்கள் நாமாக இருந்தால், காரணம் சொல்லாமல், “தப்பு என்னுடையதுதான்” என்று முதலில் போய்ச் சொல்வோம்.

வீட்டில் இறந்தவர்களுக்கு ஆண்டுதோறும் திதி கொடுக்கிறோம். அன்றைக்கு அவர்கள் பெயரால் ஒரு பகையையும் முடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பட்ட துயரம் என்னவோ, அதே துயரத்தில் இருக்கும் ஒரு முகம் தெரியாதவருக்கு அன்று ஏதாவது செய்யுங்கள். மருந்துக்குப் பணமின்றி இறந்தவர் வீட்டார், ஒருவருடைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்ளட்டும். படிக்க வசதியில்லாமல் வாழ்ந்து முடித்த தாயின் பிள்ளைகள், ஒரு பெண்ணைப் படிக்க வைக்கட்டும். நினைவு என்பது அப்போதுதான் ஊருக்குப் பயன்படும்.

நமக்கு வந்த துயரத்தை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அது நம்மைத் தாண்டிப் போக வேண்டுமா, நம்மோடு முடிய வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் நம்முடையது. அந்த உரிமையை மதுரை மக்கள் நாள்தோறும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.