எஞ்சினின் 'டிக் டிக்' ஓசை



மனித உடலினுள் நிகழ்வதைச் செவியால் அறிய வழி கண்டவர் லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1816ஆம் ஆண்டில் அவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் அவ்வாறு பிறந்தது. மோட்டார் எஞ்சினுக்கும் இம்முறை பொருந்தும்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் சாலையில் மேடவாக்கம் உள்ளது. அத்தகைய புறநகர்த் தெருக்களில் இரவெல்லாம் நின்ற கார்கள் காலையில் கிளம்பும்பொழுது, சிலவற்றிலிருந்து 'டிக் டிக்' என்று ஓர் ஓசை எழும். அதைக் கேட்டு அஞ்சி, எஞ்சினையே பிரிக்கச் சொல்வோர் உண்டு. காதில் விழாதது போல் ஓட்டிச் செல்வோரும் உண்டு. முன்னவருக்குப் பணம் வீணாகிறது. பின்னவருக்குச் சில வேளைகளில் எஞ்சினே வீணாகிறது. காரணத்தை முறையாகத் தேடினால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம்.

முதலில் ஓசை பிறக்கும் விதத்தைப் பார்ப்போம். எஞ்சினின் சிலிண்டர்களுக்குள் காற்றை விடவும், எரிந்த புகையை வெளியேற்றவும் வால்வுகள் உள்ளன. இவற்றைத் திறக்கும் உறுப்புக்கும் வால்வின் தண்டுக்கும் இடையே, பல எஞ்சின்களில், சிறிது இடைவெளி விட்டிருப்பார்கள். வெப்பத்தால் உலோகம் விரியும் என்பது நீங்கள் படித்ததே. இடைவெளி இல்லாவிடின், சூடேறிய வால்வு முழுதும் மூடாது கருகிப்போகும். இடைவெளி மிகுந்தாலோ, ஒவ்வொரு முறையும் உலோகம் உலோகத்தைத் தட்டும். அதுவே 'டிக் டிக்'. ஆகவே, ஓசையே இல்லாத எஞ்சின் நலமாகத்தான் இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

இதற்கு நம் பகுதியிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் முன்பு ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இயங்கியது. அங்கே 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் உற்பத்தியாயிற்று. அதன் முன்புறக் கூடு முழுவதும் முன்னோக்கிச் சாயும்; எஞ்சின் கண்ணுக்கும் கைக்கும் நன்கு எட்டும். குளிர்ந்த நிலையில் அதன் வால்வு இடைவெளி அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 0.25 மில்லிமீட்டர். எட்டு வால்வுகளை வரிசையாக எண்ணி, எட்டாவது முழுதும் திறந்திருக்கும்பொழுது முதலாவதைச் சரிசெய்வர். ஏழாவது திறந்திருக்கும்பொழுது இரண்டாவதை. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்பொழுதும் ஒன்பது. பீலர் கேஜ் என்னும் மெல்லிய உலோகத் தகடும், ஒரு ஸ்பானரும், ஒரு திருப்புளியும் இருந்தால் வேலை முடிந்துவிடும்.

இக்காலக் கார்கள் பலவற்றில் எண்ணெயின் அழுத்தமே இவ்விடைவெளியை நிரப்புகிறது. இரவில் அவ்வெண்ணெய் வடிந்துவிட்டால், காலையில் சில விநாடிகள் தட்டும். எண்ணெய் மேலேறியதும் அடங்கும். ஓசை நெடுநேரம் நீடித்தால், முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயின் அளவு. சமதரையில் காரை நிறுத்தி, அளவுகோலைத் துடைத்து, மீண்டும் நுழைத்து எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால், கார்க் கையேட்டில் குறித்த தரத்தில் ஊற்றுக. பழையதாயின் எண்ணெயையும் பில்டரையும் மாற்றுக. பில்டர் பலவற்றுள் எண்ணெய் வடியாது தடுக்கும் ரப்பர் அடைப்பு ஒன்று உண்டு; அது கெட்டாலும் காலை ஓசை எழும். செலவு குறைந்த இச்சோதனைகளுக்குப் பிறகே எஞ்சினைத் திறப்பது பற்றி எண்ண வேண்டும்.

அடுத்தது இடத்தை அறிதல். நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதருகே வைத்து மெக்கானிக்குகள் கேட்பார்கள். சுழலும் விசிறியும் பெல்ட்டும் அருகிலிருப்பதால், பழகாதவர் இதைச் செய்தலாகாது. ஓசை புகைபோக்கி இணையும் இடத்தில் எழுந்து, அங்கே கரி படிந்திருந்தால், கேஸ்கட் வழியே புகை கசிகிறது என்று அறியலாம். உலோகம் சூடேறி விரிந்ததும் கசிவு அடைபட்டு, ஓசை நின்றுவிடும். ஆனால் பழுது நீங்கிவிடவில்லை. அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற நச்சு. கேஸ்கட்டை மாற்றியே ஆக வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எந்தக் காரையும் ஓடவிடலாகாது.

கணக்கும் இங்கே துணை செய்யும். கிராங்க் ஷாப்ட் இரு முறை சுழன்றால் ஒரு வால்வு ஒரு முறை திறக்கும். நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் எஞ்சினில், தளர்ந்த வால்வு ஒன்று 400 முறை தட்டும். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரும் மெல்லிய 'டிக்' ஒலி தரும், அது இயல்பானது. ஆனால் எஞ்சினின் அடியிலிருந்து கனத்த 'டக் டக்' ஒலி எழுந்து, வேகம் கூட்டினால் வலுத்தால், அது பேரிங் தேய்ந்ததன் அடையாளமாகலாம். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையாதிருந்தாலும் சரி, ஓட்டத்தில் எரிந்தாலும் சரி, உடனே எஞ்சினை நிறுத்துக. பணிமனைக்கு மெல்ல ஓட்டிப்போகலாம் என்ற எண்ணமே எஞ்சினைப் பாழாக்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் தென்புறநகர்களில் கார்கள் பல நீரில் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய காரை ஓசை கேட்பதற்காகக் கிளப்பிப் பார்த்தலும் ஆகாது. அளவுகோலில் எண்ணெய் பால் கலந்த காப்பி போலத் தோன்றினால், நீர் உள்ளே புகுந்துவிட்டது. காரை இழுத்துத்தான் செல்ல வேண்டும்.

மாணவர்களே, ஓசை எப்பொழுது எழுகிறது, எத்தனை நேரம் நிற்கிறது, எங்கிருந்து வருகிறது, எஞ்சின் சூடேறியபின் என்ன ஆகிறது? இந்நான்கு கேள்விகளுக்கும் விடையை ஒரு தாளில் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் செல்லுங்கள். அவர் வேலை பாதி குறையும். உங்கள் வீட்டுச் செலவும் குறையும்.