ஏறின கணக்கும் இறங்கின கணக்கும்



மேடையில பேசி எனக்குப் பழக்கம் இல்லை. சதவீதக் கணக்கைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பத்தாவது பாஸ் பண்ணவள்தான். ஆனா நம்ம வேப்பூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில ஒரு நாள் பதில் சொல்லத் தெரியாம நின்னேன். அதைத்தான் சொல்லப் போறேன்.

குழுக் கடன்ல ஆடு வாங்கி வளர்த்தேன். ஒரு கிடாவை 8,000 ரூபாய்க்குக் கேட்டாங்க, கொடுக்கலை. தீபாவளி நெருக்கத்துல அதுவே 10,000 வரைக்கும் போச்சு. இன்னும் ஏறும்னு பேராசை, அப்பவும் கொடுக்கலை. பண்டிகை முடிஞ்சு ஓட்டிக்கிட்டுப் போனா வியாபாரி சொல்றார்: "ஏம்மா, 25 சதவீதம் ஏறிச்சு, அதே 25 சதவீதம் இறங்கிடுச்சு. சரியாப் போச்சு." போன்ல தட்டிக் காட்டினார், 7,500. "பழைய விலை எட்டாயிரம் ஆச்சேண்ணே"ன்னேன். "கணக்கு பொய் சொல்லுமா?"ன்னார். தவணை நாள் வேற நெருங்குது. கொடுத்துட்டு வந்துட்டேன்.

ராத்திரி பிள்ளையோட நோட்டுல போட்டுப் பார்த்தேன். ஏறினது 2,000. அதை முன்னால இருந்த விலையான 8,000-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினா 25 சதவீதம். சரி. இறங்கும்போது முன்னால இருந்த விலை எது? 10,000. அதே 2,000-ஐ 10,000-ஆல் வகுத்தா 20 சதவீதம்தான் வருது! எட்டாயிரத்துக்குத் திரும்பி வர 20 போதும். 25 இறக்கினதால 500 ரூபாய் போச்சு. தவணையில துண்டு விழுந்த அந்த 500-ஐ சிறுவாட்டுக் காசுல எடுத்துக் கட்டினேன்.

வித்தியாசத்தை எப்பவும் முன்னால இருந்த தொகையாலதான் வகுக்கணும். நூறு நாள் வேலைக் கூலியைப் பாருங்க. 2024 ஏப்ரல்ல 294-லிருந்து 319 ஆச்சு. 25-ஐ 294-ஆல் வகுத்தா எட்டரை சதவீதம். 2025 ஏப்ரல்ல 336. ஏறினது 17, வகுக்க வேண்டியது 319-ஆல். 5.3 சதவீதம்தான். (அளவெடுத்த பிறகு கைக்கு வர்றது வேற கதை.)

இப்ப எங்க குழுவுல சந்தைக்குப் போறவங்க போன வார விலையை நோட்டுல எழுதிக்கிட்டுத்தான் போறோம். யாருக்காவது கணக்குல சந்தேகம்னா கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட வாங்க, சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.