சட்டை இருக்கிறது, கட்டக் கயிறு இல்லை

(பட்டிமன்றத் தலைப்பு: படகுச் சவாரி பத்திரமாக அமையப் பெரிதும் தேவை பயணியின் எச்சரிக்கையா? சட்டத்தின் கண்டிப்பா? ‘சட்டத்தின் கண்டிப்பே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

தீர்ப்புச் சொல்ல வந்திருக்கும் நடுவர் அவர்களே, தீர்ப்பை ஏற்கெனவே மனசுக்குள் எழுதி வைத்துவிட்டு எங்களைப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கும் பெருமக்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு பழமொழி சொன்னார். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்றார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பழமொழிக்குத் தட்டினேன் அய்யா, வாதத்துக்கு இல்லை! (சிரிப்பு)

நான் கேட்கிறேன். உல்லாசமாகப் போய் வரலாம் என்று ஏரிக்கரைக்குப் போகிறோம். அங்கே ஆழம் இத்தனை அடி என்று யார் நமக்குச் சொன்னார்கள்? கேமராவுக்குத் தனிக் கட்டணம் என்று பலகை இருக்கிறது. படகைத் தாமதமாகக் கொண்டுவந்தால் அபராதம் என்று பலகை இருக்கிறது. முன்பணம் திருப்பித் தரப்படும் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்ற பலகை மட்டும் தேடினால்தான் கிடைக்கும். சில இடங்களில் தேடினாலும் கிடைக்காது. ஆழத்தைச் சொல்ல வேண்டியவன் சொல்லாமல் இருந்துவிட்டு, காலை விட்டவனைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்? (கைதட்டல்)

பயணி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். சரி, இருக்கட்டும். பஸ்ஸில் ஏறுகிறோம். பிரேக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டா ஏறுகிறோம்? டிரைவரிடம் ‘உங்கள் லைசென்சைக் கொஞ்சம் காட்டுங்கள், புதுப்பித்துவிட்டீர்களா?’ என்று கேட்டுவிட்டா உட்காருகிறோம்? கேட்டால் அவர் நம்மை எங்கே இறக்கிவிடுவார் என்று எனக்குத் தெரியாது! (சிரிப்பு) நாம் கேட்பதில்லை. ஏன்? அந்த வண்டிக்கு எஃப்.சி. என்று ஒன்று உண்டு; அதைப் பார்க்க ஓர் அதிகாரி உண்டு என்கிற நம்பிக்கை. படகுக்கும் அதே நியாயம்தானே? படகின் அடிப்பலகை தண்ணீருக்குள்ளே இருக்கிறது. அது உளுத்திருக்கிறதா, ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று பயணி முங்கிப் பார்த்துவிட்டா டிக்கெட் வாங்க முடியும்?

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் ஒரு சொந்த அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். இது 2022-ஆம் ஆண்டு. கோடை விடுமுறை. குடும்பத்தோடு ஒரு மலை ஊருக்குப் போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். நான், என் மனைவி, மகள், மருமகன், நாலு வயசுப் பேத்தி. ஏரியைப் பார்த்ததும் பேத்தி குதிக்கிறாள். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். என் மனைவி, ‘முப்பது வருஷத்தில் நீங்கள் எனக்காக இவ்வளவு நேரம் எங்கேயும் நின்றதில்லை’ என்றாள். (சிரிப்பு) வாஸ்தவம்தான்.

எங்கள் முறை வந்தது. லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். பேத்திக்கும் ஒன்று கொடுத்தார்கள். அது பெரியவர்கள் போடும் அளவு. அவளுக்குப் போட்டால் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. அது மட்டுமல்ல, இடுப்பில் கட்டுகிற பட்டையும் அறுந்துபோயிருக்கிறது. குழந்தை என்னைப் பார்த்துக் கேட்டாள்: ‘தாத்தா, இந்தச் சட்டையில கயிறு எங்கே?’

என்ன செய்திருக்க வேண்டும்? எதிரணி நண்பர்கள் சொல்கிற மாதிரி, எச்சரிக்கையான பயணி என்றால் ‘வேறு சட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் ஏற மாட்டோம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னேனா? சொல்லவில்லை. பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். ‘சார், சீக்கிரம் ஏறுங்க’ என்று அதட்டுகிறார்கள். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. குழந்தை அழுதுவிடுவாள். நாம் மட்டும் ஏன் பிரச்சினை பண்ண வேண்டும் என்கிற வெட்கம் வேறு. குழந்தையிடம், ‘பரவாயில்லைம்மா, தாத்தா பிடிச்சுக்கறேன்’ என்று சொல்லித் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

நடுவர் அவர்களே, எனக்கு நீச்சல் தெரியாது.

ஏரி நடுவில் போன பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. ஊர் ஊராகப் போய் விழிப்புணர்வு பற்றி மேடை போட்டுப் பேசுகிறவன் நான். டாக்டர் பட்டம் வாங்கியவன். நானே அந்த வரிசையில் வாயடைத்துப்போனேன் என்றால், சாமானியக் குடும்பம் என்ன செய்யும்? எச்சரிக்கை என்பது வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது எல்லோருக்கும் இருக்கிறது அய்யா. வரிசையில் நிற்கும்போதுதான் காணாமல் போகிறது. அந்த நேரத்தில் நம்மைக் காப்பாற்ற வேண்டியது எது? சட்டம். ‘கயிறு இல்லாத சட்டையோடு இந்தப் படகு கிளம்பாது’ என்று கண்டிப்பாகச் சொல்கிற சட்டம். (பலத்த கைதட்டல்)

நாங்கள் பத்திரமாகத் திரும்பிவிட்டோம். எல்லோரும் திரும்புவதில்லை.

தேக்கடி நம் எல்லோருக்கும் தெரியும். பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் தண்ணீரைத் தேக்கியதால் உண்டான ஏரி அது. 2009 செப்டம்பர் 30. அந்த ஏரியில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். கரையில் நின்ற காட்டு விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள், படகு புரண்டது என்று அன்றைக்குச் செய்தி வந்தது.

எதிரணி உடனே சொல்லும்: ‘பார்த்தீர்களா, பயணிகள் தப்பு!’ என்று. அய்யா, தேக்கடிக்கு எதற்குப் போகிறோம்? யானையையும் காட்டெருமையையும் பார்க்கத்தானே! விலங்கு தெரிந்தால் திரும்பிப் பார்க்கத்தான் செய்வான். திரும்பிப் பார்த்தாலே கவிழ்கிற படகை யார் ஓடவிட்டது என்பதுதான் கேள்வி. மேல்தட்டில் ஆள் கூடக் கூடப் படகின் பாரம் மேலே ஏறும். பாரம் மேலே ஏறினால் கொஞ்சம் சாய்ந்தாலும் நிமிராது. இது பயணிக்குத் தெரியாது. படகு கட்டியவனுக்குத் தெரிய வேண்டும். சோதித்துச் சான்று கொடுக்கிறவனுக்குத் தெரிய வேண்டும்.

வள்ளுவர் இதை அன்றைக்கே சொல்லிவிட்டார். மயிலிறகு எவ்வளவு லேசானது! அதையே அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்கிறார். இறகுக்கே அந்தக் கதி என்றால், நம் ஊர்க் கல்யாணக் கோஷ்டியை ஏற்றினால் என்ன ஆகும்? (சிரிப்பு) அந்தக் குறளில் இன்னொன்றைக் கவனியுங்கள். தப்பு மயிலிறகின் மேலே இல்லை. ஏற்றினவன் மேலே! (கைதட்டல்)

குகனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஓடங்களுக்குச் சொந்தக்காரன் என்று கம்பர் காட்டுகிறார். இராமன், இலக்குவன், சீதை என்று மூன்று பேர் வந்தார்கள். ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். இன்றைக்குச் சில படகுத்துறைகளில் இருப்பவர்கள் குகன் இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘சாமி, மூணு பேருக்கெல்லாம் எடுக்க முடியாது. இன்னும் பதினைந்து டிக்கெட் சேரட்டும், பரதன் கோஷ்டியும் வரட்டும், கிளம்பலாம்!’ (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனால் 2023 மே 7-ஆம் தேதி நடந்ததை நினைத்தால் சிரிப்பு வராது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் தானூர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியிருக்கிறார்கள். அளவுக்கு மீறி ஆள். பொழுது சாய்ந்த பிறகு பயணம். கவிழ்ந்தது. 22 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் பலர். மறு வருஷம் 2024 ஜனவரி 18, குஜராத்தில் வதோதராவில் ஹரணி ஏரி. பள்ளிக்கூடச் சுற்றுலா. 12 மாணவர்கள், 2 ஆசிரியைகள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை. அந்தப் பிள்ளைகளிடம் போய் ‘எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்’ என்று சொல்லப்போகிறோமா? தானூர்ச் செய்தியைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ‘கயிறு எங்கே தாத்தா?’ என்ற குரல்தான் கேட்டுக்கொண்டே இருந்தது.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். ‘சட்டம்தான் இருக்கிறதே, பிறகு ஏன் விபத்து?’ நல்ல கேள்வி. 1917-இல் வெள்ளைக்காரன் போட்ட உள்நாட்டுக் கப்பல் சட்டத்தை எடுத்துவிட்டு, 2021-இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. படகைப் பதிவு செய்ய வேண்டும், சோதித்துச் சான்று வாங்க வேண்டும், காப்பீடு வேண்டும், ஓட்டுகிறவருக்குத் தகுதி வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகுதானே தானூர்? ஆமாம் அய்யா! அதனால்தான் நம் தலைப்பு ‘சட்டம்’ என்று இல்லை. ‘சட்டத்தின் கண்டிப்பு’ என்று இருக்கிறது. சட்டம் என்பது சட்டை. கண்டிப்பு என்பது கயிறு. சட்டை மட்டும் இருந்து கயிறு இல்லாவிட்டால் தண்ணீரில் அது தனியாக மிதக்கும், ஆள் தனியாக முங்குவான்! (பலத்த கைதட்டல்)

அமெரிக்காவையும் இழுத்தார்கள். 2023-இல் அங்கே உல்லாசப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். தண்ணீரில் மூழ்கியவர்களில், விவரம் தெரிந்தவரை, நூற்றுக்கு 87 பேர் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. ஆகவே பயணியின் அலட்சியமே காரணம் என்றார்கள். கணக்கு சரி. ஆனால் பாதிக் கணக்கு! மீதியை நான் சொல்கிறேன். அங்கே படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1971-இல். அப்போது பதிவு செய்த ஒரு லட்சம் படகுகளுக்கு 20 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். 2023-இல் அது 5-க்கும் கீழே. மனிதர்கள் திடீரென்று ஞானிகளாகிவிட்டார்களா? இல்லை. படகு செய்கிறவன் இந்தத் தரத்தில்தான் செய்ய வேண்டும், படகில் ஆளுக்கு ஒரு ஜாக்கெட் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் பிடித்த பிடியும் பெரிய காரணம்.

அடுத்து வரி. ‘படகு பணக்காரன் விளையாட்டு, வரியைப் போடு’ என்று ஒரு நண்பர் சொன்னார். போடுங்கள். நம் நாட்டில் 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 40. துடுப்புப் படகுக்கு 18. பணக்காரனிடம் கூடுதலாக வாங்குவது நியாயம்தான். ஆனால் இங்கேயும் ஒரு கதை உண்டு. 1991-இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள படகுக்கு, அதற்கு மேற்பட்ட தொகையில் பத்து சதவீதம் ஆடம்பர வரி போட்டார்கள். பணக்காரன் என்ன செய்தான்? படகு வாங்குவதை நிறுத்திவிட்டான். அவனுக்கென்ன, வேறு எதையாவது வாங்குவான்! வேலை போனது படகு கட்டும் பட்டறைத் தொழிலாளிக்கு. 1993-இல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

அதே அமெரிக்காவில் நல்ல வரியும் உண்டு. மோட்டார் படகுக்குப் போடுகிற பெட்ரோலின் மீது வாங்கும் வரியில் ஒரு பகுதி, 1984-இல் உண்டாக்கிய ஏற்பாட்டின்படி தனி நிதிக்குப் போகிறது. அந்தப் பணம் படகுத்துறையாகவும் பாதுகாப்புப் பயிற்சியாகவும் திரும்பி வருகிறது. படகுக்காரனிடம் வாங்கியது படகுக்காரனுக்கே! நானும் அதைத்தான் கேட்கிறேன். வரி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, முட்டுக்காடு, பிச்சாவரம் என்று போகிற ஏழைக் குடும்பமும் டிக்கெட் வாங்கித்தானே ஏறுகிறது? அந்தக் காசில் ஒரு பங்கு குழந்தைக்குப் பொருந்துகிற ஒரு சட்டையாகத் திரும்பி வர வேண்டாமா? (கைதட்டல்)

கடைசியாக ஒன்று. ரயிலில் போகிறவனுக்குப் பயணிகள் ஆலோசனைக் குழு இருக்கிறது. அமெரிக்காவில் படகுப் பாதுகாப்புக்கு ஆலோசனை சொல்ல 21 பேர் குழு. 7 பேர் மாநில அதிகாரிகள். 7 பேர் படகும் அதன் சாமான்களும் செய்கிறவர்கள். மீதி 7 பேர் படகில் போகிறவர்களின் அமைப்புகளும் பொதுமக்களும். நம் ஊரில் படகுத்துறைக்கு விதி எழுதும்போது, அந்த மேஜையில் ஏறுகிறவனுக்கு ஒரு நாற்காலி வேண்டும். அங்கே ஒரு தாயை உட்கார வையுங்கள். ‘என் பிள்ளைக்குச் சட்டை எங்கே?’ என்பதுதான் அவள் கேட்கிற முதல் கேள்வியாக இருக்கும். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, பயணி எச்சரிக்கையாக இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருக்கட்டும். ஆனால் அவன் அசந்துபோகிற அந்த ஒரு நிமிஷத்தில் யார் கை அவனைப் பிடிக்கிறது? ‘தாத்தா பிடிச்சுக்கறேன்’ என்று நான் சொன்னது பாசம். நீச்சல் தெரியாதவனின் பாசம். அது தண்ணீரில் உதவாது. ‘கயிறு இருந்தால்தான் படகு நகரும்’ என்று கரையில் நின்று ஒருவர் சொல்லியிருந்தால், அன்றைக்கு எனக்குக் கோபம் வந்திருக்கும். வீட்டுக்கு வந்து அவரை வாழ்த்தியிருப்பேன்.

அந்த ஒருவரைத்தான் நான் சட்டத்தின் கண்டிப்பு என்கிறேன். அவர் பக்கம் தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)